ஸ்டார்ட்எக்ஸ் அடித்தும் டெஸ்க்டாப் வரவில்லையா?

ராத்திரி பத்தரை மணிக்கு மச்சானிடமிருந்து போன். "மாப்பிள, லேப்டாப்ல படமே வரல. கறுப்பா இருக்கு, வெள்ளையா ஏதோ எழுதிருக்கு."

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் வைத்திருப்பது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். எழுத்துக்கூட்டிப் படித்தார்: "டெபியன், பன்னெண்டு, டிடிஒய் ஒண்ணு. அதுக்குக் கீழ லாகின்னு கேக்குது."

இது பாதி நல்ல செய்தி. கர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) ஏறிவிட்டது, டிஸ்க் படிக்கிறது, உள்ளே வரச் சொல்லி அழைக்கவும் செய்கிறது. கடைசிப் படியான படம் மட்டும்தான் வரவில்லை. அதன் பிறகு ஒரு மணி நேரம் போனிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அன்றும், அதற்கு முன்னும் பின்னும் பலருக்குச் சொன்னதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். போனில் சொன்னது போலவே கட்டளைகளைக் காதில் விழுகிறபடி தமிழில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டவேண்டும். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். 'சிடிஎல்', 'டிஎம்' போன்றவை தனித்தனி எழுத்துகள். உதாரணமெல்லாம் டெபியனும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பும்தான். உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்துத் திரையிலிருந்து டெஸ்க்டாப்பைத் திறக்கும் கட்டளை ஸ்டார்ட்எக்ஸ். பலரும் அதை மருந்தாக நினைக்கிறார்கள். அடித்தவுடன் டெஸ்க்டாப் வந்துவிட்டால் சரி, வராவிட்டால் முன்னால் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் கட்டளை) சேர்த்து இன்னொரு முறை அடிக்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்டார்ட்எக்ஸ் மருந்து இல்லை, தெர்மாமீட்டர். சாதாரண பயனராக உள்ளே போய் அதை ஓட்டினால் எது நின்றுபோயிருக்கிறது என்று எழுத்தில் சொல்லும். அந்த எழுத்தைப் படிப்பதுதான் வேலை.

எழுத்துத் திரைக்கு எப்படிப் போவது

திரை முழுக்கக் கறுப்பாக இருந்தாலும், லாகின் பெட்டி சுற்றிச் சுற்றி வந்தாலும், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லேப்டாப்பில் எஃப்என் பொத்தானும் சேர்த்துப் பிடிக்கவேண்டியிருக்கலாம். எழுத்தில் லாகின் கேட்கும். எஃப்1, எஃப்2 ஏன் இல்லை என்றால், உபுண்டுவில் அந்த இரண்டையும் க்னோம் டெஸ்க்டாப் எடுத்துக்கொள்வது வழக்கம். லாகின் திரைக்கு லைட்டிஎம் என்ற நிரலைப் பயன்படுத்தும் அமைப்புகளில் படம் ஏழாவதில் இருக்கும். திரும்பிப் போக எஃப்7.

பாஸ்வேர்ட் தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட வராது. கீபோர்டு செத்துவிட்டது என்று மச்சான் இரண்டு முறை லேப்டாப்பை அணைத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு தட்டி என்டர் அடிக்கவேண்டியதுதான். பாஸ்வேர்டில் எண் இருந்தால் வலப்பக்க எண் பலகையை நம்பாதீர்கள், இங்கே நம்லாக் அணைந்திருக்கலாம்.

தமிழில் கணினியை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. இந்த எழுத்துத் திரைக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து வரையத் தெரியாது. பிழைச் செய்தி தமிழில் வந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். உள்ளே போனதும் முதல் வேலையாக இதை அடியுங்கள்; 'எல்சி', 'ஆல்', 'சி' மூன்றும் பெரிய எழுத்தில், இரண்டு சொற்களுக்கும் நடுவே அடிக்கோடு:

எக்ஸ்போர்ட் எல்சி_ஆல்=சி

அதன் பிறகு செய்திகள் ஆங்கிலத்தில் வரும், படிக்கலாம்.

அறிகுறி: பிழை எதுவும் இல்லை, ஆனால் எழுத்துத் திரையோடு நின்றுவிடுகிறது

இது நோயே இல்லாமலும் இருக்கலாம். கணினி எதுவரை ஏறவேண்டும் என்று சிஸ்டம்டி (மற்ற நிரல்களை ஏற்றிவிடும் நிரல்) ஓர் இலக்கு வைத்திருக்கிறது. கேளுங்கள்:

சிஸ்டம்சிடிஎல் கெட்-டிஃபால்ட்

'கிராஃபிக்கல் டார்கெட்' என்று வந்தால் படம்வரை போக உத்தரவு இருக்கிறது. 'மல்டி-யூசர் டார்கெட்' என்று வந்தால் எழுத்தோடு நிற்கச் சொல்லியே வைத்திருக்கிறார்கள். மாற்ற:

சூடோ சிஸ்டம்சிடிஎல் செட்-டிஃபால்ட் கிராஃபிக்கல்.டார்கெட்

பழைய புத்தகங்களில் 'இனிட் 5' அடி என்று இருக்கும். அது ரெட்ஹேட் வழிவந்த அமைப்புகளின் பழக்கம். டெபியனில் அந்தக் காலத்திலேயே 2 முதல் 5 வரை எல்லாம் ஒன்றுதான்.

இலக்கு சரியாக இருந்தும் படம் வரவில்லை என்றால் லாகின் திரையைக் காட்டும் நிரலைப் பாருங்கள். எக்ஸ்எஃப்சிஇயில் அது லைட்டிஎம், க்னோமில் ஜிடிஎம்3, கேடிஇயில் எஸ்டிடிஎம்.

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் லைட்டிஎம்

பச்சையில் 'ஆக்டிவ்' என்று இருக்கவேண்டும். சிவப்பில் 'ஃபெயில்ட்' என்று இருந்தால் ஏன் என்பதை இது சொல்லும். 'பி', 'யூ' இரண்டும் சிறிய எழுத்து, 'பி' என்பது 'பூட்' சொல்லின் முதல் எழுத்து:

சூடோ ஜர்னல்சிடிஎல் -பி -யூ லைட்டிஎம்

'அப்படி ஒரு யூனிட்டே இல்லை' என்று வந்தால் டெஸ்க்டாப்பே நிறுவப்படவில்லை என்று அர்த்தம். டெபியனை நிறுவும்போது ஒரு பட்டியல் வரும்; அதில் டெஸ்க்டாப் வரியில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். 'சூடோ டாஸ்க்செல்' என்று அடித்தால் அதே பட்டியல் திரும்ப வரும். ஸ்பேஸ் பொத்தானால் தேர்ந்தெடுத்து என்டர் அடியுங்கள்.

அறிகுறி: 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'

ஸ்டார்ட்எக்ஸ் தனி நிரல் இல்லை, ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். எக்ஸ்இனிட் என்ற பொதியில் (நிறுவுவதற்கான நிரல் கட்டு) வருகிறது. 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் எக்ஸ்ஆர்க் எக்ஸ்இனிட்' அடித்தால் திரையில் படம் வரையும் எக்ஸ் சர்வரும் இதுவும் சேர்ந்து வந்துவிடும்.

சூடோவே கிடையாது, அல்லது 'நீங்கள் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்' என்று மிரட்டுகிறது என்றால் பயப்படாதீர்கள். போலீஸ் வராது. டெபியனை நிறுவும்போது ரூட்டுக்கு (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கு) தனி பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால் முதல் பயனருக்கு சூடோ உரிமை கிடைக்காது. 'எஸ்யூ', இடைவெளி, ஒரு கழித்தல் குறி: இப்படி அடித்து ரூட்டாகிக்கொண்டு மேலே உள்ளதை சூடோ இல்லாமல் அடியுங்கள். அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் நிர்வாகக் கட்டளைகள் பாதி கண்ணில் படாது. மறுபடி 'நாட் ஃபவுண்ட்'தான் வரும்.

அறிகுறி: வந்த வேகத்தில் போய்விடுகிறது

ஸ்டார்ட்எக்ஸ் அடித்ததும் திரை ஒருமுறை கண் சிமிட்டுகிறது, மறுபடி எழுத்துக்கே வந்துவிடுகிறது. இது பெரும்பாலும் எக்ஸின் தவறு இல்லை. அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் காரணம் தானே விளங்கும்.

எக்ஸ் சர்வர் திரையையும் மவுஸையும் கீபோர்டையும் கையில் வைத்திருக்கும் ஆள். 1984இல் எம்ஐடியில் பிறந்தது. 1987இல் வந்த 11ஆம் பதிப்பு இன்றுவரை ஓடுகிறது, எக்ஸ்11 என்ற பெயர் அதனால்தான். அதற்குத் தானாக ஜன்னல், பேனல், மெனு எதுவும் போடத் தெரியாது. ஸ்டார்ட்எக்ஸ் முதலில் சர்வரை எழுப்பும். பிறகு உங்கள் வீட்டு ஃபோல்டரில் 'புள்ளி எக்ஸ்இனிட்ஆர்சி' என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்த்து அதை ஓட்டும். அந்தக் கோப்பு முடிந்த நொடியில் வேலை முடிந்தது என்று சர்வரையும் மூடிவிடும்.

ஆக, அந்தக் கோப்பு காலியாக இருந்தாலோ, அதில் டெஸ்க்டாப்பை அழைக்கும் வரியின் கடைசியில் ஒரு '&' குறி இருந்தாலோ, டெஸ்க்டாப் ஏறுவதற்குள் கோப்பு முடிந்துவிடும்; சர்வரும் கடையைச் சாத்திவிடும். கோப்பில் கடைசி வரி இப்படி இருக்கவேண்டும், எந்தக் குறியும் இல்லாமல்:

எக்செக் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4

மாட்டே என்றால் 'மாட்டே-செஷன்', எல்எக்ஸ்க்யூடி என்றால் 'ஸ்டார்ட்எல்எக்ஸ்க்யூடி', கேடிஇ பிளாஸ்மா என்றால் 'ஸ்டார்ட்பிளாஸ்மா-எக்ஸ்11'. டெபியனில் இந்தக் கோப்பே இல்லாவிட்டாலும் கவலை இல்லை. நிறுவியிருக்கும் டெஸ்க்டாப்பை அதுவே கண்டுபிடித்துத் திறக்கும். சந்தேகமாக இருந்தால் கோப்பின் பெயரை மாற்றி ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் ஸ்டார்ட்எக்ஸ் அடித்துப் பாருங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. சர்வரே ஓடாமல் நேராக 'மாட்டே-செஷன்' என்று எழுத்துத் திரையில் அடித்தால் 'கேனாட் ஓபன் டிஸ்ப்ளே' என்று வரும். ஸ்கிரீன் கட்டாமல் புரொஜெக்டரைப் போட்ட கதை. எக்ஸ்எஃப்சிஇயின் கட்டளை மட்டும் கொஞ்சம் சூட்டிகை, சர்வர் இல்லை என்றால் தானே எழுப்பிக்கொள்ளும்.

அறிகுறி: பாஸ்வேர்ட் சரி, ஆனால் மறுபடி லாகின் திரைக்கே வருகிறது

என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இதுதான். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். 'பாஸ்வேர்ட் தவறு' என்று எழுதிக் காட்டினால் இது அந்த நோய் இல்லை. லாகின் திரையில் விசைப்பலகை தமிழ்99இல் இருக்கிறதா, கேப்ஸ்லாக் எரிகிறதா என்று பாருங்கள். இங்கே நான் சொல்வது வேறு. பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்ளும், திரை ஒரு கணம் கறுக்கும், எதுவும் சொல்லாமல் மறுபடி லாகின் பெட்டி வந்து நிற்கும்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3. எழுத்தில் உள்ளே போங்கள். முதல் கேள்வி டிஸ்க்:

டிஎஃப் -ஹெச்

'/' என்றோ '/ஹோம்' என்றோ முடிகிற வரியில் 100% என்று இருந்தால் கண்டுபிடித்துவிட்டோம். டெஸ்க்டாப் திறக்கும்போது வீட்டு ஃபோல்டரில் சில சின்னக் கோப்புகளை எழுதியே ஆகவேண்டும். இடம் இல்லை என்றால் எழுத முடியாது, உடனே வெளியே தள்ளிவிடும்.

மச்சான் வீட்டில் இதுதான், ஆனால் என்னைக் கொஞ்ச நேரம் சுற்றவைத்துவிட்டது. ரூட்டாக நுழைந்து ஒரு கோப்பை உண்டாக்கிப் பார்க்கச் சொன்னேன், உண்டானது. அப்படியானால் இடம் இருக்கிறது என்று நினைத்து வேறு பக்கம் போய்விட்டேன். இஎக்ஸ்டி4 கோப்பு முறை மொத்த இடத்தில் 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும் என்பது தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. சாதாரண பயனருக்குச் சுவர் தட்டிய பிறகும் ரூட்டுக்குக் காலி அறை தெரியும். எனவே டிஸ்க் சோதனையை ரூட்டாகச் செய்யாதீர்கள்.

இடத்தை விடுவிக்க, பலன் அதிகமாக இருக்கும் வரிசையில்: 'சூடோ ஏபிடி கிளீன்' இறக்கிவைத்த பொதிகளை அழிக்கும். 'சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=100எம்' பழைய பதிவுகளைக் குறைக்கும்; அந்த 'எம்' பெரிய எழுத்து. 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ்' தேவையற்றுப்போன பழைய கர்னல்களை எடுக்கும். அப்புறம் வீட்டு ஃபோல்டரில் 'புள்ளி எக்ஸ்செஷன்-எரர்ஸ்' என்ற கோப்பின் அளவைப் பாருங்கள். ஏதாவது ஒரு நிரல் விடாமல் புலம்பிக்கொண்டிருந்தால் இந்த ஒரு கோப்பே பல ஜிபிக்கு வீங்கியிருக்கும். மச்சானுடையது 31 ஜிபி. அவரே வாய்விட்டு எண்ணினார், "மூணு, ஒண்ணு, அப்புறம் ஜி." அதை அழித்துவிட்டு, கணினியை மறுபடி ஏற்றுங்கள்.

டிஸ்க் காலியாகத்தான் இருக்கிறதா? அடுத்த கேள்வி, கோப்பு யாருடையது. வீட்டு ஃபோல்டரில் 'எல்எஸ் -எல்ஏ' அடித்துப் பாருங்கள். இரட்டைப் புள்ளி வரியைத் தவிர எல்லா வரியிலும் உங்கள் பெயர் இருக்கவேண்டும். 'புள்ளி எக்ஸ்ஆத்தாரிட்டி', 'புள்ளி ஐசிஇஆத்தாரிட்டி' இரண்டுக்கும் நேரே ரூட் என்று இருந்தால் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. முதலாவது சர்வரோடு பேசுவதற்கான அனுமதிச் சீட்டு. அது உங்கள் பெயரில் இல்லாவிட்டால் உங்கள் சர்வரே உங்களை உள்ளே விடாது. இரண்டையும் சூடோ ஆர்எம் போட்டு அழித்துவிடலாம், அடுத்த லாகினில் புதிதாக உண்டாகும். எக்ஸ், ஐசிஇ இரண்டும் பெரிய எழுத்து.

எப்படி ரூட் பெயருக்குப் போனது? உபுண்டு 19.10க்கு முந்தைய பதிப்புகளில் சூடோ போட்டாலும் வீட்டு ஃபோல்டர் உங்களுடையதாகவே இருக்கும். அங்கே ஒருமுறை 'சூடோ ஸ்டார்ட்எக்ஸ்' அடித்தால் போதும், இந்த நிலைமைதான். இப்போது அதிகம் பார்ப்பது வேறு: பழைய டிஸ்கிலிருந்து வீட்டு ஃபோல்டரை 'சூடோ சிபி -ஆர்' போட்டு நகலெடுத்துக் கொண்டுவருவது. நகலெல்லாம் ரூட்டின் பெயரில் பிறக்கும். அப்படிச் செய்திருந்தால் இரண்டு கோப்பை மட்டும் அழிப்பது போதாது, வீட்டு ஃபோல்டர் முழுவதையும் மீட்கவேண்டும். பயனர் பெயர் 'குமார்' என்று வைத்துக்கொண்டால்:

சூடோ சிஹெச்ஓன் -ஆர் குமார்: /ஹோம்/குமார்

அந்த 'ஆர்' பெரிய எழுத்து. பாதையை இரண்டு முறை படித்துவிட்டு என்டர் அடியுங்கள். '/'க்குப் பிறகு தவறி ஓர் இடைவெளி விழுந்தால் அமைப்பு முழுவதும் குமாருக்குச் சொந்தமாகிவிடும். அதைச் சரிசெய்வதற்குப் புதிதாக நிறுவுவதே மேல்.

மூன்றாவது சந்தேகம் /டெம்ப் (தட்டும்போது நடுவில் 'இ' கிடையாது, மூன்றே எழுத்து). 'எல்எஸ் -எல்டி /டெம்ப்' (இந்த 'டி' 'டைரக்டரி'யின் முதல் எழுத்து) அடித்தால் உரிமைப் பட்டியலின் கடைசி எழுத்து 'டெம்ப்'பின் முதல் எழுத்தான 'டி' ஆக இருக்கவேண்டும். இல்லையென்றால் 'சூடோ சிஹெச்மோட் 1777 /டெம்ப்'.

இதெல்லாம் சரியாக இருந்தும் சுற்றுகிறது என்றால் ஒரு புதுப் பயனரை உண்டாக்கிப் பாருங்கள்: 'சூடோ ஆட்யூசர் சோதனை', அந்தப் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் கொடுக்கவேண்டும். அந்தப் பெயரில் டெஸ்க்டாப் திறந்தால் அமைப்பு நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் வீட்டு ஃபோல்டரில். 'புள்ளி ப்ரொஃபைல்' கோப்பில் எங்கிருந்தோ ஒட்டிய ஒரு வரி, குறிப்பாக 'எக்ஸிட்' என்ற சொல் இருந்தால் அதுவே போதும். புதுப் பயனருக்கும் திறக்கவில்லை என்றால் கோளாறு அமைப்பில், அடுத்த பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: 'நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்'

திரை கண்ணெதிரே இருக்கும்போதே திரை இல்லை என்கிறதே என்று கோபம் வரும். சர்வர் சொல்வது, படம் வரைய ஒரு கிராஃபிக்ஸ் டிரைவர்கூடக் கிடைக்கவில்லை என்பது. இது கடைசி வரி. காரணம் இதற்கு மேலே எங்கோ இருக்கும். அதைப் பதிவுக் கோப்பில் தேடவேண்டும். லைட்டிஎம் வழியாக வந்திருந்தால் '/வார்/லாக்' ஃபோல்டரில் 'எக்ஸ்ஆர்க்.0.லாக்', அந்த எக்ஸ் பெரிய எழுத்து. நீங்களே சாதாரண பயனராக ஸ்டார்ட்எக்ஸ் அடித்திருந்தால் அதே பெயரில் உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள், 'புள்ளி லோக்கல்', 'ஷேர்', 'எக்ஸ்ஆர்க்' என்று உள்ளே உள்ளே போனால் இருக்கும். இந்த இரண்டாவது இடம் தெரியாமல் பலர் போன மாதத்துப் பதிவைப் படித்துக் குழம்புகிறார்கள்.

கோப்பு நூற்றுக்கணக்கான வரி இருக்கும். முழுவதும் படிக்கவேண்டாம். அடைப்புக்குறிக்குள் இரண்டு 'ஐ' இருந்தால் தகவல், இரண்டு 'டபிள்யூ' இருந்தால் எச்சரிக்கை, இரண்டு 'இ' இருந்தால் பிழை. இரட்டை 'இ' உள்ளவற்றில் முதலாவதைப் பாருங்கள். கடைசியில் வருவதெல்லாம் அதன் எதிரொலி.

அப்புறம் கார்டுக்கு டிரைவர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள்:

எல்எஸ்பிசிஐ -கே

பட்டியலில் 'விஜிஏ' என்று வரும் இடத்துக்குக் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கவேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் ஐ915, ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியூ அல்லது ரேடியான், என்விடியா என்றால் நூவோ அல்லது என்விடியா. வரியே இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை.

ஏஎம்டி கார்டில் பெரும்பாலும் ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஏறி ஓடும் நிரல்) இல்லாததுதான் காரணம். 2023இல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவும் படிமத்தோடேயே வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் தனியாகப் போடவேண்டும். பொதியின் பெயர் 'ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ்'.

என்விடியாவில் கதை வேறு. நேற்றுவரை ஓடியது, அப்டேட் போட்டதும் போய்விட்டது என்பார்கள். புதுக் கர்னல் வந்திருக்கும். அதற்கு டிரைவரைக் கட்டித்தர டிகேஎம்எஸ் என்ற நிரல் முயன்றிருக்கும். கர்னல் ஹெடர்கள் இல்லாததால் முடியாமல் போயிருக்கும். டெபியனில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' என்ற பொதியைப் போட்டுவைத்தால் ஒவ்வொரு கர்னலோடும் ஹெடரும் சேர்ந்தே வரும். 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அடித்து இப்போதைய கர்னலுக்கு நேரே 'இன்ஸ்டால்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தும் ஏறவில்லை என்றால் செக்யூர் பூட் தடுக்கிறதா என்று பார்க்கவேண்டும். கையெழுத்தில்லாத டிரைவரை அது உள்ளே விடாது. 'வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று மட்டும் வந்தால் நல்ல காலம். அப்டேட் முடிந்தும் கணினியை மறுபடி ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

'/இடிசி/எக்ஸ்11' ஃபோல்டரில் (இந்த எக்ஸ் பெரிய எழுத்து) 'எக்ஸ்ஆர்க்.கான்ஃப்' என்ற கோப்பு கிடந்தால் அதையும் சந்தேகியுங்கள். இன்றைய சர்வருக்கு அது தேவையே இல்லை, எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்கும். பழைய கார்டுக்காக எப்போதோ எழுதியது அப்படியே இருந்தால், இல்லாத கார்டைத் தேடிக்கொண்டிருக்கும். பெயரை மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

எழுத்துத் திரைக்கே போக முடியவில்லை, எல்லாமே கறுப்பு என்றால் 'நோமோட்செட்' இருக்கிறது. கணினியைப் போட்டவுடன் க்ரப் (இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரல்) பட்டியல் வரவேண்டும். தானாக வராவிட்டால் பழைய பயாஸில் ஷிஃப்ட், யூஇஎஃப்ஐயில் எஸ்கேப். பட்டியலில் நின்று 'இ' அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இந்த ஒரு தடவைக்கு மட்டும் டிரைவர் ஏறாமல் மங்கலாகவாவது திறக்கும். இது ஸ்டெப்னி டயர் மாதிரி, பஞ்சர் கடை வரை போகத்தான். சிலர் இதை க்ரப் அமைப்பில் நிரந்தரமாக எழுதிவிட்டு, நல்ல டிரைவரைப் போட்ட பிறகும் 'ஏன் இன்னும் மங்கல்' என்று கேட்பார்கள். '/இடிசி/டிஃபால்ட்/க்ரப்' கோப்பில் அந்தச் சொல் ஒளிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீக்கிவிட்டு 'சூடோ அப்டேட்-க்ரப்'.

அறிகுறி: 'ஒன்லி கன்சோல் யூசர்ஸ்' அல்லது 'டிடிஒய்0, பெர்மிஷன் டினைட்'

எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு கணினிக்குள் போய் ஸ்டார்ட்எக்ஸ் அடித்தீர்களா? அப்படியானால் கணினி செய்வதுதான் சரி. ஸ்டார்ட்எக்ஸ் அந்தக் கணினியோடு ஒட்டியிருக்கும் திரையில் படம் வரையத்தான். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே அந்த உரிமை. 'எக்ஸ்ராப்பர்.கான்ஃபிக்' (எக்ஸ் பெரிய எழுத்து) கோப்பில் 'எனிபடி' என்று மாற்று என்று சொல்வார்கள். மாற்றினாலும் படம் அங்கேதான் வரும், உங்கள் மடியில் வராது. தூரத்துக் கணினியின் ஒரே ஒரு நிரல் போதும் என்றால் 'எஸ்எஸ்ஹெச் -எக்ஸ்', அந்த எக்ஸ் பெரிய எழுத்து. முழு டெஸ்க்டாப்பும் வேண்டும் என்றால் அங்கே எக்ஸ்ஆர்டிபி போட்டுக்கொள்ளுங்கள்.

'டிஸ்ப்ளே 0இல் ஏற்கெனவே சர்வர் இருக்கிறது' என்ற செய்தியும் இதன் சொந்தக்காரன்தான். இப்போதைய ஸ்டார்ட்எக்ஸ் தானே அடுத்த எண்ணைத் தேடிக்கொள்ளும். இந்த வரி பழைய அமைப்பில், அல்லது சர்வரை நேரடியாக ஓட்டினால் வரும். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும், உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் எஃப்7 போய்ப் பாருங்கள். பல நேரம் அங்கே டெஸ்க்டாப் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அறிகுறி: கறுப்புத் திரை, மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது

அம்பு நகர்ந்தால் சர்வர் நலம். டெஸ்க்டாப் நிரல்களில் ஏதோ ஒன்று எழவில்லை. ஜன்னல்களுக்கு மேல்பட்டையும் மூடும் பொத்தானும் இல்லை என்றால் எழாதது ஜன்னல் மேலாளர். டெர்மினலைத் திறக்க முடிந்தால் 'எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 --ரிப்ளேஸ்' அடியுங்கள். திரும்பத் திரும்ப இப்படியே வந்தால், வெளியேறிவிட்டு எழுத்துத் திரையிலிருந்து 'புள்ளி கேஷ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'செஷன்ஸ்' ஃபோல்டரை அழியுங்கள். கெட்டுப்போன பழைய அமர்வைத்தான் அது ஒவ்வொரு முறையும் உண்மையாக மீட்டுக்கொண்டிருந்திருக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் 'புள்ளி கான்ஃபிக்' உள்ளே உள்ள 'எக்ஸ்எஃப்சிஇ4' ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். டெஸ்க்டாப் புதுசு போலத் திறக்கும், வால்பேப்பர் போய்விடும். இதை டெஸ்க்டாப்புக்குள் இருந்துகொண்டே செய்தால் வெளியேறும்போது பழையதையே திரும்ப எழுதிவிடும்.

அம்புகூட இல்லாத லேப்டாப் கறுப்பு என்றால், விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் டெஸ்க்டாப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பின்விளக்குதான் எரியவில்லை. வெளிச்சம் கூட்டும் பொத்தானை நாலு தட்டு தட்டுங்கள்.

க்னோம், பிளாஸ்மா வைத்திருப்பவர்களுக்கு

இவை இரண்டும் எக்ஸை விட்டு, அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய முறையான வேலண்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உபுண்டு 21.04 முதல் வேலண்ட்தான் இயல்பு, 25.10இல் க்னோமின் எக்ஸ் அமர்வையே எடுத்துவிட்டார்கள். அங்கே ஸ்டார்ட்எக்ஸ் அடிப்பதில் அர்த்தம் இல்லை, எக்ஸ்ஆர்க் பதிவுக் கோப்பும் இருக்காது. பிளாஸ்மாவை எழுத்திலிருந்து திறக்க 'ஸ்டார்ட்பிளாஸ்மா-வேலண்ட்'. க்னோமுக்கு ஜிடிஎம்மை மறுபடி ஏற்றுவதே எளிது: 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஜிடிஎம்3'. பிழையைப் படிக்க 'ஜர்னல்சிடிஎல் -பி'. டிஸ்க் நிறைவது, கோப்பின் சொந்தக்காரர் மாறுவது, டிரைவர் ஏறாதது எல்லாம் இங்கேயும் அதேதான்.

மச்சானின் லேப்டாப் பதினொன்றே முக்காலுக்குத் திறந்தது. 31 ஜிபியும் எழுதியது எந்த நிரல் என்று மறுநாள் காலையில் கேட்டேன். அழித்த கோப்பைப் படித்துப் பார்க்காமலே அழிக்கச் சொல்லியிருந்தேன், அது என் தவறு. இப்போது யாராவது கேட்டால், அழிக்கும் முன் 'டெய்ல்' அடித்து அதன் கடைசிப் பத்து வரியைப் படித்துக் காட்டச் சொல்கிறேன்.